காசிக்குப் போய்ட்டு வர ரயில் டிக்கெட்: பள்ளத்தூர் குடும்பம் ஒண்ணுக்குப் போட்ட கணக்கு

விஷயம் இதுதான். காரைக்குடி பக்கத்துல பள்ளத்தூர்ல எங்க தெரு ஆச்சிக்கும் அய்யாவுக்கும் ராமேஸ்வரம் காசி யாத்திரையை இந்த வருசம் முடிச்சிரணும். ராமேஸ்வரத்துல மண் எடுத்து, பிரயாகையில திரிவேணி சங்கமத்துல கரைச்சு, அங்கேருந்து கங்கைத் தண்ணி எடுத்துக்கிட்டு, காசி பாத்து, கயாவுல பிண்டம் போட்டு, திரும்ப ராமேஸ்வரம் வந்து அந்தத் தண்ணியில அபிஷேகம் பண்ணணும். கூட ஆச்சியோட தங்கச்சி, அவங்க வீட்டுக்காரர், அவங்க மகன், அவரோட 11 வயசுப் பையன். மொத்தம் 6 பேர். இதுக்கு நடுவுல சென்னையில மக வீட்டுல ரெண்டு ராத்திரி தங்கணும்ங்குறது ஆச்சியோட கண்டிசன், கல்கத்தாவுல காளிகாட் பாக்காம வரமாட்டேன்ங்குறது அய்யாவோட கண்டிசன்.

தங்குறதுக்குப் பெரிசா செலவு இல்ல. காசியில நகரத்தார் சத்திரம் ரொம்பக் காலமா இருக்கு, பிரயாகையிலயும் கயாவுலயும் கூட நகர விடுதி இருக்கு, நம்ம ஊர் ஆளுகளுக்கு அது சொந்த வீடு மாதிரி. அதனால செலவுன்னு பாத்தா ரயில் டிக்கெட்டுதான். ஒரு டிராவல்ஸ்ல கேட்டு ஒரு தாள்ல எழுதி வாங்கிட்டு வந்திருந்தாங்க, அதைப் பாத்துட்டுத்தான் அய்யா என்னைக் கூப்பிட்டாரு. "தம்பி, இம்புட்டு ஆகுமாப்பு? நீ கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

தாளைப் பாத்ததும் ஒண்ணு புரிஞ்சுது. போற ஊர் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி டிக்கெட், எல்லாமே தேர்ட் ஏசி. பிரயாக்ராஜ்லேருந்து, அதான் நம்ம பிரயாகை, வாராணசி சுமாரா 125 கிலோமீட்டர்தான், காலையில ஏறுனா மதியச் சாப்பாட்டுக்குப் போயிரலாம், அதுக்கும் தேர்ட் ஏசி. இதுல என்ன தப்புன்னா, ரயில்வேயில ஒவ்வொரு வகுப்புக்கும் குறைஞ்சபட்ச தூரம்னு ஒண்ணு வச்சிருக்கான். ஸ்லீப்பர்னா 200 கிலோமீட்டர், தேர்ட் ஏசின்னா 300 கிலோமீட்டர். நீங்க 125 கிலோமீட்டர் போனாலும் 300 கிலோமீட்டர் காசு கட்டணும். அதுக்கு மேல ஏசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி, ரிசர்வேஷன் கட்டணம் 40 ரூபாய், சூப்பர்ஃபாஸ்ட்டா இருந்தா இன்னும் 45. இது 6 பேருக்கும். வாராணசி–கயாவுக்கும் இதே கதைதான், அங்க தூரம் 220 சொச்சம். பெட்டியைத் தூக்கி மேல வைக்கிறதுக்குள்ள இறங்குற ஊர் வந்துரும், அதுக்கு இவ்வளவு காசு.

தூரம் கூடக்கூட கிலோமீட்டர் மலிவாகும்

அய்யாவுக்கு நான் முதல்ல சொன்னது இதைத்தான், ஏன்னா இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும். ரயில் கட்டணம் பஸ் கட்டணம் மாதிரி நேர்க்கோட்டுல ஏறாது. முதல் 200, 300 கிலோமீட்டருக்குத்தான் ஒரு கிலோமீட்டர் விலை அதிகம், போகப்போக குறைஞ்சுக்கிட்டே வரும். சென்னையிலேருந்து மதுரை 500 கிலோமீட்டரை ஒட்டி இருக்கு, சென்னையிலேருந்து டெல்லி 2,180 கிட்ட. தூரம் நாலு மடங்குக்கு மேல, ஆனா ஸ்லீப்பர் டிக்கெட்டை எடுத்துப் பாருங்க, மூணு மடங்கு கூட வராது. 2025 ஜூலையில கட்டணத்தை ஏத்துனாங்க, ஆனாலும் இந்த விகிதம் பெருசா மாறல. அதனால இதைப் படிக்கிறவங்க ரூபாயைப் பாக்காம விகிதத்தைப் பாருங்க, ரூபாய் நாளைக்கே மாறும்.

இதுலேருந்து வர்றது என்னன்னா, பயணத்தைத் துண்டு துண்டா வெட்டி டிக்கெட் எடுத்தா ஒவ்வொரு துண்டுலயும் அந்த விலை கூடுன முதல் 200 கிலோமீட்டரை நீங்க திரும்பத் திரும்ப வாங்குறீங்க. ஒரே டிக்கெட்டா எடுத்தா அதை ஒரு தடவைதான் வாங்குவீங்க. எந்த வண்டி மலிவு, எந்த நாள் மலிவுன்னு தேடுறது விமானத்துக்குச் சரி, ராஜதானி, துரந்தோ, சதாப்தி மாதிரி வண்டிகளைத் தவிர்த்தா நம்ம ரயில்ல ஒரே வகுப்புல விலை நாளுக்கு நாள் மாறாது. மிச்சம் பிடிக்கிற இடமே டிக்கெட்டை எங்க வெட்டுறோம், எங்க ஒட்டுறோம்ங்குறதுலதான்.

அய்யா உடனே கேட்டாரு, "அதெல்லாம் இருக்கட்டும், வயசானவங்களுக்கு பாதிக் காசுதானே?" பாதின்னு பெண்களுக்கு இருந்துச்சு, 58 தாண்டுனா 50 சதவீதம், ஆண்களுக்கு 60 தாண்டுனா 40 சதவீதம். 2020 மார்ச்ல கொரோனா சமயத்துல நிறுத்துனாங்க, அப்புறம் திரும்ப வரவே இல்ல. அது மட்டும் இருந்திருந்தா இந்தக் கணக்கே வேற. அய்யா இன்னமும் அதை நம்பல, ஸ்டேஷன்ல போய்க் கேட்டுட்டு வந்துதான் விட்டாரு.

வட்ட டிக்கெட்

இந்த யாத்திரையைக் கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தா ராமேஸ்வரத்துல ஆரம்பிச்சு ராமேஸ்வரத்துலயே முடியுது. ரயில்வேயில இதுக்குன்னே ஒரு டிக்கெட் இருக்கு, சர்க்குலர் ஜர்னி டிக்கெட்னு பேரு, நம்ம பக்கத்துல பாதிப் பேருக்கு இது இருக்குறதே தெரியாது. கிளம்புற ஸ்டேஷனும் முடியுற ஸ்டேஷனும் ஒண்ணா இருக்கணும், நடுவுல அதிகபட்சம் 8 இடத்துல இறங்கித் தங்கலாம். கட்டணம் எப்படின்னா, மொத்த தூரத்தை ரெண்டாப் பிரிச்சு ரெண்டு ஒருவழிப் பயணம்னு கணக்கு வைக்கிறாங்க. ரயில்வேயே சொல்ற உதாரணம் ஒண்ணு இருக்கு, டெல்லியில ஆரம்பிச்சு மும்பை, கோவா, பெங்களூரு, மைசூரு, ஊட்டி, திருவனந்தபுரம், கன்னியாகுமரின்னு சுத்தி டெல்லிக்குத் திரும்புனா 7,550 கிலோமீட்டர், அதை 3,775 கிலோமீட்டர் பயணம் ரெண்டுன்னு கணக்குப் போட்டு வாங்குவாங்க.

நம்ம கணக்குக்கு வர்றேன். ராமேஸ்வரத்துலேருந்து காரைக்குடி, திருச்சி வழியா சென்னை 600 சொச்சம், அங்கேருந்து பிரயாக்ராஜ் வழியா வாராணசி 2,100க்கு மேல, அப்புறம் கயா, கயாவுலேருந்து ஹவுரா (கல்கத்தாவுக்கு இறங்குற ஸ்டேஷன்) 458, ஹவுராவுலேருந்து சென்னை 1,662, திரும்ப ராமேஸ்வரம். எல்லாம் கூட்டுனா 5,700 கிலோமீட்டர் கிட்ட வருது. இறங்குற இடத்தை எண்ணிப் பாத்தா போறப்ப காரைக்குடி, சென்னை, பிரயாக்ராஜ், வாராணசி, கயா, ஹவுரா, வர்றப்ப சென்னை, காரைக்குடி. சரியா எட்டு! எனக்கே சிரிப்பு வந்துருச்சு, நம்ம யாத்திரைக்குன்னே சட்டம் போட்ட மாதிரி இருந்துச்சு.

ஸ்லீப்பர்ல தனித்தனியா எடுக்குறதை விட இதுல அடிப்படைக் கட்டணம் கால் பங்குக்கு மேல குறையுது. ரிசர்வேஷன் கட்டணமும் சூப்பர்ஃபாஸ்ட் கட்டணமும் வண்டிக்கு வண்டி தனியாத்தான் கட்டணும், அதுல மிச்சம் கிடையாது. காகிதத்துல பாத்தா இதை விட மலிவு வேற இல்ல.

ஆனா நான் இதை எடுக்கச் சொல்லல. காரணம் சொல்றேன். இது ஆன்லைன்ல கிடைக்காது. பயணத் திட்டத்தை எழுதி கோட்ட வணிக மேலாளர் அலுவலகத்துக்குக் கொடுக்கணும், நமக்கு அது மதுரைக் கோட்டம், அவங்க கணக்குப் போட்டு ஸ்டேஷனுக்குச் சொல்லுவாங்க, அப்புறம் கிளம்புற ஸ்டேஷன்ல டிக்கெட் வாங்கணும், அந்த டிக்கெட்டை வச்சுக்கிட்டு ஒவ்வொரு வண்டிக்கும் ரிசர்வேஷன் கவுண்டர்ல போய் பெர்த் போடணும். இளவட்டம் ரெண்டு பேர் முதுகுல பையை மாட்டிக்கிட்டு ஊர் சுத்தக் கிளம்புறதுன்னா நான் இதைத்தான் முதல்ல சொல்லுவேன். எழுபதை நெருங்குன ஆளுகளுக்கு, பெர்த் உறுதியாகாம டிக்கெட் மட்டும் கையில இருக்குறது பெரிய கவலை. அதுவும் 2024 நவம்பர்லேருந்து முன்பதிவு 120 நாள்லேருந்து 60 நாளாக் குறைஞ்சிருச்சு. வட்டத்தோட கடைசி வண்டிக்கு பதிவு திறக்குறப்ப முதல் வண்டி திறந்து ரெண்டு வாரத்துக்கு மேல ஆயிருக்கும். அதனால ஒரே நாள்ல போய் எல்லாத்தையும் போட்டுட்டு வர்ற வேலை இல்ல, வண்டி திறக்கத் திறக்க நடந்துக்கிட்டே இருக்கணும்.

ரெண்டு நீளம், நடுவுல சில்லறை

அப்புறம் யோசிச்சு முடிவு பண்ணது ரெண்டு நீள டிக்கெட். சின்னத் தூரமெல்லாம் ரிசர்வேஷன் இல்லாம பகல்ல போறது.

இதுக்கு அடிப்படை பிரேக் ஜர்னி விதி. 500 கிலோமீட்டருக்கு மேல ஒரே டிக்கெட் எடுத்தா நடுவுல ஒரு தடவை இறங்கித் தங்கலாம், 1,000 கிலோமீட்டருக்கு மேல ரெண்டு தடவை. வந்து சேர்ற நாளையும் கிளம்புற நாளையும் விட்டுட்டு ரெண்டு நாள் வரைக்கும் தங்கலாம். ஆனா ஒரு கொக்கி இருக்கு, முதல் தங்கல் கிளம்புன இடத்துலேருந்து 500 கிலோமீட்டர் தாண்டுன பிறகுதான். ராஜதானி, சதாப்தி, ஜன்சதாப்தி வண்டிகளுக்கு இது கிடையாது. அடுத்த வண்டியைப் பிடிக்கிறதுக்காக ஒரு ஸ்டேஷன்ல 24 மணி நேரத்துக்குள்ள காத்துக்கிட்டு இருந்தா அது தங்கல் கணக்குல சேராது.

இப்ப ஆச்சியோட கண்டிசனைப் பாப்போம். காரைக்குடியிலேருந்து சென்னை எழும்பூர் 427 கிலோமீட்டர் கிட்டத்தான் வருது. 500 இல்ல. அதனால காரைக்குடியிலேருந்து பிரயாகைக்கு ஒரே டிக்கெட் எடுத்தா மக வீட்டுல ரெண்டு ராத்திரி தங்க முடியாது. மானாமதுரையிலேருந்து எடுத்தாக்கூட 490ஐத் தொட மாட்டேங்குது. ராமேஸ்வரத்துலேருந்து எடுத்தா 600. மண் எடுக்க எப்படியும் ராமேஸ்வரம் போயாகணும், அப்ப அங்கேருந்தே சேது எக்ஸ்பிரஸ்ல ஏறிட்டா என்ன? காலையில காரைக்குடியிலேருந்து சாதாரண டிக்கெட்ல ராமேஸ்வரம், அக்னி தீர்த்தத்துல குளிச்சு மண் எடுத்து, சாமி கும்பிட்டு, ராத்திரி சேது. 2025 ஏப்ரல்ல புதுப் பாம்பன் பாலம் திறந்த பிறகு வண்டி நேரா தீவுக்குள்ள போயிருது, முன்ன மாதிரி மண்டபத்துல இறங்கி பஸ் பிடிக்கிற பாடு இல்ல.

ஆச்சி இதுக்கு ஒத்துக்கல முதல்ல. "காசிக்குக் கட்டுன பெட்டியெல்லாம் தூக்கிக்கிட்டு ராமேஸ்வரம் போகச் சொல்றியே தம்பி, நம்ம ஊரைத் தாண்டித்தானே வண்டி வருது, ஊருல ஏறுனா ஆகாதா?" ஆகும்தான். டிக்கெட்டை ராமேஸ்வரத்துலேருந்து எடுத்துட்டு ஏறுற இடத்தை காரைக்குடின்னு மாத்திக்கலாம், தூரக் கணக்கு ராமேஸ்வரத்துலேருந்துதான் ஓடும். இந்த வசதி நிறையப் பேருக்குத் தெரியாது. ஆனா மாத்திட்டா அப்புறம் ராமேஸ்வரத்துல ஏற முடியாது, அதுலயும் மாத்தாம காரைக்குடியில போய் நின்னா டிடிஇ (டிக்கெட் பரிசோதகர்) வேற ஆளுக்கு பெர்த்தைக் கொடுத்துட்டுப் போயிருவாரு. கடைசியில பெட்டிகளை ஊருல இருக்குற வீட்டு ஆள் ஒருத்தர் ராத்திரி காரைக்குடி பிளாட்பாரத்துல கொண்டு வந்து ஏத்திவிடுறதுன்னு முடிவாச்சு. சேது அங்க நிக்கிற நேரம் கம்மி, ஆனா ரெண்டு பெட்டிதானே.

சென்னையில தங்கிட்டு சென்ட்ரல்லேருந்து கங்கா காவேரி. சென்னையிலேருந்து சப்ரா போற வண்டி, வாரத்துல ரெண்டு நாள்தான், நாக்பூர், ஜபல்பூர் வழியா பிரயாக்ராஜ் சியோக்கி போகும். இந்த சியோக்கி வேற, பிரயாக்ராஜ் ஜங்சன் வேற, தெற்கேருந்து போற வண்டி நிறைய ஊருக்குள்ள போகாம சியோக்கியோட ஒதுங்கிப் போயிரும், அங்கேருந்து ஆட்டோ. கங்கா காவேரி கிடைக்கலைன்னா பெங்களூர்லேருந்து தானாபூர் போற சங்கமித்ரா தினமும் இருக்கு, அதுவும் சியோக்கிதான். எழும்பூர்லேருந்து சென்ட்ரல் போற செலவு நம்மளோடது.

நேரா காசிக்கு மட்டும் போறவங்க இவ்வளவு மண்டையை உடைக்க வேண்டாம். ராமேஸ்வரத்துலேருந்து பனாரஸுக்கு வாரம் ஒரு வண்டி இருக்கு, மானாமதுரை, புதுக்கோட்டை, திருச்சி வழியாத்தான் போகுது. ஒரே வண்டி, ஒரே ரிசர்வேஷன் கட்டணம். போறதுக்கு மட்டும் பாத்தா அதுதான் மலிவு. சென்னைத் தங்கல் வேணாம்னு ஆச்சி சொல்லியிருந்தா நான் அதைத்தான் போட்டிருப்பேன்.

திரும்பி வர்ற டிக்கெட்டுல இன்னொரு சிக்கல். கயாவுலேருந்து ஹவுரா 458. மறுபடியும் 500க்குக் கீழ! கயாவுலேருந்து காரைக்குடிக்கு ஹவுரா வழியா டிக்கெட் எடுத்தா அய்யா காளிகாட் பாக்க கல்கத்தாவுல தங்க முடியாது. ஆனா டிக்கெட்டை வாராணசியிலேருந்து எடுத்தா ஹவுராவுக்கு 680 கிட்ட ஆயிருது. வாராணசியிலேருந்து கயா வழியா ஹவுரா போற டூன் எக்ஸ்பிரஸ் இருக்கு, அதுல வாராணசியிலேருந்து டிக்கெட், ஏறுற இடம் கயா. வாராணசி–கயா தூரத்துக்கு நாம போகாத பயணத்துக்கும் சேத்துக் காசு கட்டுறோம்தான், ஆனா அது இந்த 2,700 கிலோமீட்டர் டிக்கெட்டோட வால்ல ஒட்டுற 220 கிலோமீட்டர், ஒரு ஆளுக்கு ரெண்டு வேளை காபி டிபன் காசுக்குள்ள அடங்கிரும். அதுக்கு பதிலா கயா–ஹவுரா, ஹவுரா–காரைக்குடின்னு வெட்டியிருந்தா அதைப்போல பல மடங்கு.

கல்கத்தாவுலேருந்து சென்னைக்கு கோரமண்டல் எக்ஸ்பிரஸா, ஹவுரா மெயிலான்னு ஒரு பேச்சு வந்துச்சு. கோரமண்டல் வேகம், சாயங்காலம் சென்னை வரும், அதே ராத்திரி எழும்பூர்ல ஊர் வண்டி. பேப்பர்ல அழகா இருக்கும், ஒரு மணி நேரம் லேட்டானா அவ்வளவுதான். மெயில் விடியக்காலையில வருது. மக வீட்டுக்குப் போய்க் குளிச்சு, சாப்பிட்டு, தூங்கி, ராத்திரி எழும்பூர்ல ஏறலாம், 24 மணி நேரத்துக்குள்ள இருக்குறதால தங்கல் கணக்குலயும் வராது. ஆச்சிக்கு ரெண்டாவது தடவையா மகளைப் பாத்த மாதிரியும் ஆச்சு. மெயில்தான்னு முடிவு.

இந்த டிக்கெட்டை காரைக்குடியோட நிறுத்தாம ராமேஸ்வரம் வரைக்கும் நீட்டலாமான்னும் பாத்தேன். நீட்டலாம், காரைக்குடியை ரெண்டாவது தங்கலா வச்சுக்கலாம், காசும் சொற்பம்தான் கூடும். ஆனா ஊருக்கு வந்த பிறகு ரெண்டு நாள்தான் அவகாசம், அதுக்குள்ள அபிஷேகத்துக்குக் கிளம்பியாகணும். ஆச்சி பிரதோசம் பாத்துத்தான் போவேன்னு சொல்லிட்டாங்க. அதை விட்டாச்சு.

கவுண்டர்ல நடந்தது

இந்த மாதிரி ஒட்டுன டிக்கெட் ஆன்லைன்ல நடக்காது. ஆன்லைன்ல தனித்தனி பிஎன்ஆர் (முன்பதிவு எண்) எடுத்தா தனித்தனி தூரம், அவ்வளவுதான். ரெண்டு பிஎன்ஆரை இணைக்கிற வசதி 2019லேருந்து இருக்கு, அதைச் சில பேர் கட்டணம் குறையும்னு நினைச்சுக்கிறாங்க. குறையாது. முதல் வண்டி லேட்டாகி ரெண்டாவதை விட்டுட்டா போகாத பாகத்துக்குக் காசு திரும்ப வரும், அதுக்கு மட்டும்தான் அது. அதனால காரைக்குடி ஸ்டேஷன் ரிசர்வேஷன் கவுண்டருக்கே போறதுன்னு ஆச்சு. ஃபாரத்துல அடுத்த பயண விவரம் எழுதுற இடம் இருக்கு, அதுல எழுதி, ஒரே பயணமா வேணும், நடுவுல இன்ன ஸ்டேஷன்ல இறங்கித் தங்குறோம்னு வாயாலயும் சொல்லணும், காசு வாங்குனதுக்கு அப்புறம் சொன்னா பிரயோசனம் இல்ல. முதல் டிக்கெட்டுல முழுத் தூரக் கட்டணமும் வந்துரும், அடுத்த வண்டிக்கு ரிசர்வேஷனும் சூப்பர்ஃபாஸ்ட்டும் மட்டும் வாங்குவாங்க. தங்குற ஸ்டேஷன்ல இறங்குனதும் டிக்கெட்டைக் காட்டி குறிச்சு வாங்கிக்கணும், இதை ஆச்சியோட தங்கச்சி மகன்கிட்ட தாள்ல எழுதியே கொடுத்தேன்.

இந்த வேலைக்குக் கூட்டம் இல்லாத நேரமாப் பாத்துப் போங்க. காலையில தட்கல் நேரத்துல, அதாவது 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு ஸ்லீப்பர் திறக்குறப்ப போய் இந்தக் கதையை ஆரம்பிச்சீங்கன்னா பின்னாடி நிக்கிறவன் அடிக்க வந்துருவான், அவன் பக்கமும் நியாயம் இருக்கு. மத்தியானம் சாப்பாட்டு நேரம் முடிஞ்சு போனா உள்ள இருக்குறவரும் பொறுமையா கேப்பாரு.

6 பேரும் ஒரே டிக்கெட்ல போகலாம், ஒரு டிக்கெட்டுக்கு உச்சவரம்பே 6தான். ஆனா நாங்க ரெண்டு ரெண்டு பேரா மூணாப் பிரிச்சோம். வயசானவங்களுக்கு கீழ் பெர்த் ஒதுக்கீடு ஒண்ணு இருக்கு, 60 தாண்டுன ஆண்கள், 45 தாண்டுன பெண்கள், அது ஒரு டிக்கெட்டுல ஒருத்தரோ ரெண்டு பேரோ இருந்தாத்தான் வேலை செய்யும். ஆறு பேரையும் ஒண்ணா எழுதுனா அது போயிரும், அப்புறம் மூட்டுவலியோட ஆச்சி அப்பர் பெர்த்தைப் பாத்துக்கிட்டு நிக்கணும். அதனால அய்யாவும் ஆச்சியும் ஒரு ஃபாரம், தங்கச்சியும் அவங்க வீட்டுக்காரரும் ஒரு ஃபாரம், அப்பாவும் பையனும் ஒரு ஃபாரம். ஆன்லைன்ல இப்படிப் பிரிச்சா டிக்கெட்டுக்கு டிக்கெட் சேவைக் கட்டணம் வரும், ஸ்லீப்பருக்கு யுபிஐயில கட்டுனா 10 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும், கவுண்டர்ல அதுவும் இல்ல. ஆகவே பிரிச்சதுக்கு கூடுதல் செலவு எதுவும் கிடையாது, கை வலிக்க எழுதுனதுதான்.

பையனுக்கு 11. 5 வயசுலேருந்து 12 முடியாத பிள்ளைகளுக்கு பெர்த் வேண்டாம்னா பாதிக் கட்டணம், பெர்த் வேணும்னா முழுசு. அவங்க அப்பா, "என்கூட படுத்துக்குவான் விடுங்கண்ணே"ன்னாரு. பிரயாகைக்கு ஒன்றரை நாள் ஓட்டம், 11 வயசுப் பையன் சைடு பெர்த்துல அப்பாகூடப் படுக்குறதை நினைச்சுப் பாத்தா எனக்கே முதுகு வலிச்சுது. முழு டிக்கெட்தான் எடுக்கச் சொன்னேன். மலிவுன்னா எல்லாத்துலயும் மலிவு பாக்கக்கூடாது, ரெண்டு ராத்திரி தூங்காத பையனை வச்சுக்கிட்டு சங்கமத்துல என்ன பண்றது. சின்னத் தூரத்துக்கு மட்டும் அவனுக்கு அரை டிக்கெட்.

பிரயாக்ராஜ்–வாராணசி, வாராணசி–கயா ரெண்டும் ரிசர்வேஷன் இல்லாத டிக்கெட், அன்னைக்கு காலையில ரயில்வேயோட ரயில்ஒன் ஆப்புல எடுத்துக்கிறது. கூட்டமா இருக்கும், அதை மறைக்கல நான். ரொம்ப நெரிசலா இருந்தா பிரயாகை–காசிக்கு ஆறு பேரும் சேந்து ஒரு வண்டி பேசிக்கோங்க, அதுக்கும் சேத்து கொஞ்சம் காசு ஒதுக்கி வச்சுக்கோங்கன்னு சொல்லிட்டேன்.

நாள் பாத்ததுலயும் காசு இருக்கு. புரட்டாசி மகாளய பட்சத்துல கயாவுல கால் வைக்க இடம் இருக்காது. தீபாவளி முடிஞ்ச ஆறாவது நாள் பீகார்காரங்களுக்கு சத் பூசை, அதுக்கு முன்னாடி தெற்கேருந்து அந்தப் பக்கம் போற வண்டி எல்லாம் வழிஞ்சு போகும். மார்கழி, தையில வடக்க பனிமூட்டம், வண்டி அஞ்சு மணி நேரம், ஆறு மணி நேரம்னு லேட்டாகும், தையில பிரயாகையில மாக மேளா வேற. வடக்க கார்த்திகைப் பௌர்ணமி முடிஞ்சு, பனி இறங்குறதுக்கு முன்னாடி ஒரு இடைவெளி இருக்கு, அதுலதான் வச்சோம். இந்த நாளையெல்லாம் கவனிக்காம வெயிட்டிங் லிஸ்ட்ல மாட்டி, கடைசியில தட்கல்ல போனா ஸ்லீப்பருக்கு ஆளுக்கு 200 ரூபாய் வரைக்கும் கூட, அதுவும் வண்டிக்கு வண்டி. மேல கஷ்டப்பட்டு மிச்சம் பிடிச்சதெல்லாம் ஒரே ராத்திரியில காலி. 2025 மே மாசத்துலேருந்து வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டை வச்சுக்கிட்டு ஸ்லீப்பர்ல ஏறுறதையும் கண்டிப்பா தடுக்குறாங்க, ஏறிக்கலாம் பாத்துக்கலாம்ங்குற காலம் போச்சு.

60 நாள் விசயம் இங்கயும் இருக்கு. சென்னையிலேருந்து வண்டி ஏறுற நாளுக்கு பதிவு திறக்குறப்ப சேதுவுக்கு பதிவு திறந்து மூணு நாள் ஆயிருக்கும், ஒட்டுன டிக்கெட்டுன்னா அது வரைக்கும் காத்திருக்கணும். மூணு நாள் பரவாயில்ல, சேதுவுல இடம் இருந்துச்சு. திரும்புற டிக்கெட்டுலயும் கயா வண்டி திறந்த அன்னைக்கே எடுக்க முடியாது, கடைசியா எழும்பூர் வண்டி திறக்குற வரைக்கும் பொறுக்கணும். அந்தக் காத்திருப்புதான் இந்த முறையோட உண்மையான விலை. சீசன்ல இது சரிப்படாது, அப்பல்லாம் நீளமான ஒரு வண்டியை மட்டும் திறந்த அன்னைக்கே தனியாப் போட்டுட்டு மத்ததை விட்டுப்பிடிக்கிறதுதான் புத்தி.

கணக்கு

ஸ்லீப்பர்ல ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியா எடுத்தா அடிப்படைக் கட்டணம் ஆளுக்கு 2,700 ரூபாயை ஒட்டி வந்துச்சு. வட்ட டிக்கெட்டுன்னா 2,000க்குள்ள. நாங்க எடுத்த முறையில 2,100, 2,200 அந்த அளவுக்கு நின்னுச்சு. ஆக வட்டத்துல கிடைக்கிற மிச்சத்துல முக்கால்வாசி, அலைச்சல்ல கால்வாசி. ஆனா நியாயமாச் சொல்லணும்னா இந்த மிச்சம் எல்லாம் டிக்கெட்டை ஒட்டுனதால மட்டும் வந்தது இல்ல, சின்னத் தூரத்தை சாதாரண டிக்கெட்டுக்கு மாத்துனதுலயும் ஒரு பங்கு இருக்கு. ஒட்டுனதுக்கு மட்டும் பாத்தா ஆளுக்கு 300 சொச்சம், ஆறு பேருக்கு ரெண்டாயிரம் கிட்ட. டிராவல்ஸ் தாளோட ஒப்பிட்டா வித்தியாசம் எங்கயோ போகும், ஆனா அது ஏசி, இது ஸ்லீப்பர், அதை ஒப்பிட்டு மார்தட்டுறது சரியில்ல.

ஏசிதான் வேணும்னு இருந்தாலும் இதே வழி செல்லும், இன்னும் நல்லாவே செல்லும், ஏன்னா குறைஞ்சபட்ச தூரம் 300ங்குறதால துண்டு டிக்கெட்டுல அடி அதிகம். தங்கச்சி வீட்டுக்காரர் திரும்புறப்ப மட்டும் ஹவுரா மெயில்ல தேர்ட் ஏசி போட்டுக்கலாமான்னு கேட்டாரு. ஒரே டிக்கெட்டுக்குள்ள பாதி வகுப்பு மாத்துனா கணக்கு வேற மாதிரி ஆகும், கவுண்டர்ல கேட்டே முடிவு பண்ணுங்கன்னேன், விலையைக் கேட்டுட்டு ஸ்லீப்பரே போதும்னுட்டாரு.

இதைக் கேள்விப்பட்டு கோட்டையூர்லேருந்தும் கானாடுகாத்தான்லேருந்தும் ரெண்டு மூணு வீட்டுல, நீயே எடுத்துக் கொடு, காசு வாங்கிக்கன்னு சொல்றாங்க. வழி சொல்றேன், எடுத்துத் தரமாட்டேன். உரிமம் இல்லாம டிக்கெட் எடுத்து வித்தா ரயில்வே சட்டம் 143வது பிரிவுல குத்தம், சொந்த ஐடியில ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்து மாட்டுறவங்க செய்தி அடிக்கடி வருது.

அவங்கள்ல ஒரு வீட்டுல கல்கத்தா வேண்டாம், கயாவோட திரும்பிரணும்ங்குறாங்க. அவங்களுக்கு வேலை ரொம்பச் சுலபம். கயாவுலேருந்து சென்னைக்கு வாரம் ஒரு எக்ஸ்பிரஸ் இருக்கு, அந்த நாளை முதல்ல பிடிச்சு வச்சுக்கிட்டு மத்த நாளையெல்லாம் அதுலேருந்து பின்னாடி எண்ணிக்கிட்டு வரணும், கயாவுலேருந்து காரைக்குடிக்கு ஒரே டிக்கெட், சென்னையில வண்டி மட்டும் மாறிக்கலாம்.